பள்ளிக்கூடமும் பகலவனும்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில், அரசனுக்கு மாளிகை எடுக்கப் புகுந்த நூலறி வல்லுநர், கல்லையும் மரத்தையும் தொடுவதற்கு முன்னர்க் கதிரவனை நோக்கினர் என்று காண்கிறோம். உச்சிப்பொழுதிலே கோல் நட்டு, நிழல் எப்பக்கமுஞ் சாயாத வேளை பார்த்துத் திசை வகுத்த பின்னரே அவர் மனை வகுத்தனர். அச்செயலுக்குரிய காலம் சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாட்களுள் ஒன்று என்பது உரையாசிரியர் நச்சினார்க்கினியர் தரும் விளக்கம்.

இதனை வகுப்பிற் பாடங்கேட்ட எமக்கு, நேரிற் சோதித்தறியும் அவா எழுந்தது. சென்ற சித்திரை 11ஆம் நாள், அஃதாவது ஏப்ரல் 24ஆம் நாள், விடுதியின் மொட்டைமாடியில் ஒரு கோலைத் தூக்குக்குண்டின் துணைகொண்டு நேராக நிறுத்திக் காத்திருந்தோம். கடிகாரம் பன்னிரண்டு மணி கடந்து ஏழு நிமிடம் காட்டிய அளவிலே, கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிற்று. பழம்புலவர் வாக்கு மெய்யென்று மகிழ்ந்த வேளையில், செருப்பின்றி நின்ற எம் நண்பர் ஒருவர் தளத்தின் சூடு தாளாது துள்ளினார். அத்துள்ளலே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. ஏனெனில் அவர் கால் பொறாத அத்தளத்தின் கீழேதான் யாம் அமர்ந்து படிக்கும் அறை இருந்தது.

பள்ளிப் பருவத்தை நினைந்து பார்த்தோம். இந்நகரின் தென்பகுதியில் எம்முள் ஒருவர் பயின்ற பள்ளியில், இரண்டாம் மாடியின் மேற்கு மூலையறையே அவர் வகுப்பு. பிற்பகலில் வெயில் நேரே மேசைமேல் விழும்; கரும்பலகை பளபளத்து எழுத்துத் தெரியாது. ஆதலின் சன்னல்களைச் சாத்திப் பழைய தாள்களை ஒட்டிவிடுவர். பின்னர் இருட்டாயிற்றென்று விளக்கேற்றுவர். புழுங்குகிறதென்று விசிறி சுழற்றுவர். வெளியே உலகெலாம் ஒளி ததும்ப, உள்ளே காசு கொடுத்து வாங்கிய ஒளியிற் பாடம் நடந்தது. அவ்வறையிலிருந்த நாற்பது பேரும் மந்தபுத்தியினர் அல்லர். கட்டிடமே அவர்களை மயக்கிற்று.

ஆகவே, மயிலாப்பூரிலோ தியாகராயநகரிலோ அடையாற்றிலோ இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி புதிதாக எழுவதாயின், மின்சாரத்தைக் குறைவாகச் செலவிட்டு, நெடுங்காலம் நிலைத்து, மாணவர்க்கு நலந்தரும் வகையில் அதனை எங்ஙனம் அமைத்தல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய்வோம். எம் கருத்தைச் சுருங்கச் சொல்லின், வெப்பத்தை உள்ளே விட்டுப் பின்னர் விரட்டுவது வீண். வாராமற் காப்பதே முறை. மின்சாரம் செய்வது இரண்டாம் பாடம். வேண்டாமற் செய்வது முதற் பாடம்.

1. திசை

சென்னை, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே 13 பாகையளவில் உள்ளது. ஏப்ரல் இறுதியிற் சூரியன் நம் தலைக்கு நேரே வந்து, அதன்பின் வடபாற் சென்று, ஆகஸ்டு 18ஆம் நாளை ஒட்டி மீண்டும் தலைக்கு நேரே வருகிறது. இடைப்பட்ட நான்கு திங்களிலும் நம் உச்சிவெயில் வடக்கிலிருந்தே விழும். வடக்குச் சன்னலுக்கு நிழல் வேண்டா என்னும் எண்ணம் குளிர்நாட்டு நூல்களிற் கற்றது. நம் ஊருக்கு ஒவ்வாதது.

எனினும் வடக்கும் தெற்கும் எளிதில் அடங்கும் திசைகளே. சூன் மாதத்தில் உச்சிக்கதிர் வடக்கே பத்துப் பாகைதான் சாயும். திசம்பரில் தெற்கே முப்பத்தாறரைப் பாகை சாயும். ஒன்றரை மீட்டர் உயரமுள்ள சன்னலுக்கு, உச்சிவேளையில் முழு நிழல் தர, வடபுறத்தில் முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வெயில்தடுப்புப் பலகையும், தென்புறத்தில் நூற்றுப்பத்துச் சென்டிமீட்டர் அகலமுள்ளதும் போதும். தென்புறத்தில் நடைத்தாழ்வாரமே ஓடுமாயின் தனிப்பலகையும் வேண்டுவதில்லை.

கிழக்கும் மேற்கும் அத்தகையன அல்ல. காலையிலும் மாலையிலும் கதிர் தாழ்ந்து கிடையாக நுழையும்; மேலே எத்துணை அகலமான பலகை வைப்பினும் தடை செய்யாது. ஆதலின் பள்ளிக் கட்டிடம் கிழக்கு மேற்காக நீண்டு, வகுப்பறைகளின் சன்னல்கள் வடக்கும் தெற்குமாக நோக்கல் வேண்டும். மேற்குக் கோடியில் மாடிப்படி, கழிப்பறை, பொருளறை ஆகியவற்றை வைத்துவிட்டால், அவை வெயிலைத் தாமே தாங்கி வகுப்புகளைக் காக்கும். இதற்கு ஒரு காசும் மிகுதியாகச் செலவில்லை. வரைபடத்தை மேசைமீது சற்றே திருப்பி வைத்தல் ஒன்றே செய்ய வேண்டுவது. ஆனால் கட்டிடம் எழுந்தபின் கோடி கொடுத்தாலும் திருப்ப முடியாது.

2. காற்று

தமிழிலே சன்னலுக்குக் காலதர் என்றொரு பெயருண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் மானின் கண்போன்ற காலதர்கள் அமைந்த மாளிகையைக் காண்கிறோம். ஒளிக்கும் காட்சிக்கும் முன்னரே, காற்றுக்கு வழி என்னும் பொருளிலேயே நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். வழியென்றால் புகுவாயும் வேண்டும், போவாயும் வேண்டும். ஒருபக்கம் மட்டும் சன்னலுள்ள அறையில், வெளியே காற்று வீசினும் உள்ளே புழுக்கம் நீங்காது.

நம் நகருக்குக் கடல் தந்த செல்வம் கடற்காற்று. பகலில் நிலம் கடலினும் விரைவிற் சூடேற, நிலத்தின்மேலுள்ள காற்று இலேசாகி மேலெழுகிறது. அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. கோடையில் உச்சிவேளைக்குப் பின் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் அது சாந்தோமிற் புகுந்து மயிலாப்பூரைத் தழுவும். மேல்காற்று வலுத்த நாட்களில் அது வரத் தாழ்க்கும்; அந்நாட்களிலேயே நகரம் தீயாய்க் காய்கிறது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31ஆம் நாள் 45 பாகை வெப்பம் பதிவாயிற்று.

தென்சன்னல் வழியே தென்கிழக்குக் காற்றை ஏற்று, வடசன்னல் வழியே போக்கும் அறையே நமக்கு உகந்தது. ஆதலின் தாழ்வாரத்தின் ஒருபுறம் மட்டும் அறைகள் இருத்தல் வேண்டும். நடுவே இருண்ட நடையும் இருபுறமும் அறைகளுமாக அமைப்பது இடத்தை மிச்சப்படுத்தினும் காற்றைக் கொன்றுவிடும். சன்னலின் அடி, அமர்ந்திருக்கும் மாணவனின் தோளளவினும் தாழ்ந்திருப்பின், காற்று அவன் மேனியில் படும்; உயர்ந்திருப்பின் தலைக்கு மேலே போய்விடும். கூரையை ஒட்டிச் சிறு திறப்புகள் இருப்பின், சூடேறி மேலெழுந்த காற்று வெளியேறும்.

இம்முறைகள் புதியன அல்ல. மயிலாப்பூர் மாட வீதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளைப் பார்மின். திண்ணை வெயிலைத் தெருவிலேயே நிறுத்தும். முற்றம் பகலில் வெப்பக் காற்றை மேலே போக்கி, இரவிற் குளிர்ந்த காற்றை உள்ளே தேக்கும். தாழ்வாரம் மழையையும் வெயிலையும் சுவருக்கு எட்டாமற் செய்யும். இவை பெரிதாகி, எல்லார்க்கும் பொதுவாகினாற் பள்ளிக்கூடம்.

நம் நகருக்குத் தெற்கே, இதே கடற்கரையில், இதே வெயிலில், புதுச்சேரியிலுள்ள கோல்கொண்டா என்னும் விடுதி இதற்கு மற்றொரு சான்று. 1930களின் பிற்பகுதியில் அந்தோனின் ரேமண்டு என்னும் கட்டிடக் கலைஞர் அமைத்த அம்மாளிகை, இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த புதுமுறைக் கட்டிடமேயாயினும், அதன் நீண்ட முகங்கள் வடக்கும் தெற்குமாக நோக்குகின்றன. சுவருக்கு மாற்றாகத் திறந்து மூடும் சாய்பலகைகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றைத் திருப்பி வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடலாம். கூரையின்மேல் மற்றொரு வளைந்த கூரை அமைந்து, இரண்டிற்கும் இடையே காற்று உலவுகிறது. குளிர்சாதனம் இன்றியே அறைகள் குளிர்ந்திருக்கின்றன. கான்கிரீட்டு கெட்டதன்று, அதனைச் சிந்தியாது பயன்படுத்துவதே கெட்டது என்பதற்கு அஃதோர் எடுத்துக்காட்டு.

3. கூரை

சூரியன் தலைக்கு நேரே நிற்கும் ஊரில், சுவரினும் மிகுதியாக வெயிலை உண்பது கூரையே. பகலெல்லாம் உண்ட வெப்பத்தைக் கான்கிரீட்டுத் தளம் சில மணி நேரந் தாழ்த்து, பிற்பகலிலும் மாலையிலும் கீழே உமிழ்கிறது. மேல்மாடி மாணவர் மூன்று மணிக்குத் தூங்கி வழிவதன் மருமம் இதுவே.

மதராஸ் தளம் என்று உலகெங்கும் பெயர்பெற்ற பழங்கூரையை நம் கொத்தர்கள் இட்ட முறை வியக்கத்தக்கது. தேக்கு உத்தரங்களின்மேல், சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்தாகவும் மூலைவாட்டமாகவும் சுண்ணாம்புக் காரையில் நிறுத்துவர். அதன்மேற் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, பலநாள் கட்டையால் அடித்து இறுக்குவர். அனைத்திற்கும் மேலே தட்டோடு பதிப்பர். வெப்பம் இத்துணை அடுக்கையும் கடந்து கீழிறங்குதற்குள் மாலை வந்துவிடும்.

இன்று தேக்கு கிட்டாது. அவ்வேலை தெரிந்த கொத்தரும் அருகினர். ஆயினும் அதன் கருத்தைக் கைக்கொள்ளலாம். கான்கிரீட்டுத் தளத்தின் கீழ்ப்பாதியிற் பளுவேதும் தாங்காத இடங்களில் ஓடுகளை நிரப்பி வார்க்கும் முறையை, கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் பரப்பினார். அதனால் சிமெண்டும் இரும்பும் மிச்சமாகின்றன. ஓட்டினிடையே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. திருச்சிராப்பள்ளிக்கு அருகே தீரம்பாளையத்தில் எழுந்த ராணே வித்யாலயா என்னும் பள்ளியிலும் இம்முறையையும், துளைகள் நிறைந்த சுவர் வழியே காற்றை விடும் முறையையும் கையாண்டுள்ளனர். பழைய தளமாயின் மேலே வெள்ளை ஓடு பதித்தலோ, வெயிலைத் திருப்பும் வெண்பூச்சுப் பூசுதலோ உடனே பயன் தரும். கரிய கூரை வெயிலை விழுங்கும். வெண்கூரை அதனை வானுக்கே திருப்பி அனுப்பும்.

சிமெண்டை மிச்சம்பிடித்தல் பணத்திற்காக மட்டுமன்று. உலகெங்கும் மக்கள் வெளிவிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு சிமெண்டுத் தொழிலால் வருவது. ஆதலின் உறுதியாக நிற்கும் பழங்கட்டிடத்தை இடியாது செப்பனிடுதலே பலவிடத்தும் முதல் அறம்.

4. குளிர்ச்சியும் காவலும்

ஓலைக் கூரை குளிர்ச்சியானதன்றோ, அதனினும் எளிதும் இயற்கைக்கு இணங்கியதும் வேறுண்டோ என்று கேட்பார் உளர். உண்மையே. 1936ஆம் ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் அடையாற்றிலே தொடங்கிய கலாக்ஷேத்திரம், 1962இல் திருவான்மியூருக்குப் பெயர்ந்த பின்னும், மர நிழலிலும் சிறு குடில்களிலும் கலை பயிற்றிப் புகழ்பெற்றது.

ஆயினும் நாம் மறத்தற்கரிய நாள் ஒன்றுண்டு. 2004 சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்திலே பற்றிய தீ, வகுப்பறையின் ஓலைக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். நெரிசலான கட்டிடம், குறுகிய படி, தப்ப வழியில்லை. அதன்பின்னரே தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் விலக்கப்பட்டன.

இதனை இங்கே எழுதுதற்குக் கை தயங்குகிறது. எனினும் எழுதாது விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். காற்றும் நிழலும் மலிவும் மட்டும் கருதிக் கட்டுதல் போதாது. எரியாத கூரை, அகன்ற இரண்டு மாடிப்படிகள், வெளிப்புறமாகத் திறக்கும் கதவுகள், வகுப்பினின்றும் விலகிய சமையற்கூடம், கம்பியிட்டு அடைக்கப்படாத வெளிவாயில் ஆகியன முதலில். பிற யாவும் பின்னர். நல்லூழாக, காற்றுக்கு நலமான ஒருபுறத் தாழ்வாரமும் திறந்த மாடிப்படியுமே புகை தேங்காமற் காத்து, பிள்ளைகள் விரைந்து வெளியேறவும் உதவுவன.

5. மின்கணக்கு

இனிச் சிறிது கணக்குப் பார்ப்போம். நாற்பது மாணவர் அமரும் 24 அறைகள் உள்ள பள்ளியைக் கொள்வோம். அறைக்கு நான்கு விசிறியும் நான்கு விளக்கும் எனில், ஒவ்வொன்றிலும் 96 ஆகும். பழையமுறை விசிறி ஒன்றுக்கு 75 வாட்டு. பழைய குழல்விளக்கு அதன் துணைக்கருவியோடு ஏறத்தாழ 50 வாட்டு. இரண்டும் நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் ஓடினால், விசிறிக்கு 50 யூனிட்டும் விளக்குக்கு 34 யூனிட்டுமாக 84 யூனிட்டு செலவாகும்.

இப்போது இருபுறமும் நிழலுள்ள சன்னல்கள் அமைந்தன என்க. நேர்வெயில் விழாமையால் தாள் ஒட்டி அடைக்க வேண்டுவதில்லை. வெண்சுவரும் வெண்கூரையும் ஒளியை அறையின் நடுவரை கொண்டு செல்லும். விளக்கு இரண்டு மணி நேரம் எரிந்தாற் போதும். அதுவும் 20 வாட்டுப் புதுவிளக்கு. விசிறியும் 30 வாட்டுப் புதுமுறை விசிறி. மொத்தம் 24 யூனிட்டுக்கு மேற்படாது.

நம் நகரில் ஒரு கிலோவாட்டு அளவுள்ள சூரியமின் தகடுகள் ஏறத்தாழப் பத்துச் சதுர மீட்டர் இடங்கொண்டு, சராசரியாக நாளொன்றுக்கு நான்கு யூனிட்டு தருவன. 84 யூனிட்டுக்கு 21 கிலோவாட்டுத் தகடு வேண்டும். 24 யூனிட்டுக்கு 6 கிலோவாட்டே போதும். மூன்றரை மடங்குச் செலவு குறைந்ததன்றோ? அத்தகடுகளைத் தளத்திற்கு மேலே உயர்த்தி நிறுத்தினால், அவை கூரைக்கு நிழலுமாகும். பள்ளி மூடியிருக்கும் மே மாதத்து மின்சாரம் ஊருக்குப் பயன்படும்.

அனைத்தறைக்கும் குளிர்சாதனம் வைப்பின் என்னாகும்? அறைக்கு இரண்டு கருவி, ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோவாட்டு எனில் மொத்தம் 72 கிலோவாட்டு. பாதிநேரமே ஓடினும் நாளொன்றுக்கு 252 யூனிட்டு. அச்செலவைத் தாங்கும் பள்ளி சில, தாங்காதன பல. குளிர்ச்சியை விலைக்கு வாங்கும் பொருளாக்கிவிட்டால், வெயிலும் ஏழைக்கு ஒன்று, செல்வனுக்கு ஒன்றாகிவிடும். நிழலும் காற்றும் அங்ஙனம் ஆள்பார்ப்பன அல்ல.

பசுமைக் கட்டிடமென்றால் கண்ணாடியும் பொறியும் நிறைந்ததென்று எண்ணுவார்க்கு ஒன்று கூறுவாம். கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15ஆம் நாள் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம், பசுமைக் கட்டிடத்திற்குரிய லீட் தங்கச் சான்று பெற்றது, நகருக்குப் பெருமை. ஆனால் நூல்களைக் காக்கக் குளிர்சாதனம் கொண்ட பெருமாளிகைக்கு உரிய முறை வேறு. கதவு திறந்து காற்றோடு பயிலும் பள்ளிக்கு உரிய முறை வேறு.

6. நீர்

சென்னையில் ஆண்டிற்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர மீட்டர் கூரையில் விழுவது 14 இலட்சம் லிட்டர். ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 11 இலட்சம் லிட்டர். 960 மாணவர்க்கு நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர் எனில், பள்ளி நடக்கும் நாளனைத்திற்கும் போதிய நீர் கூரைமேலேயே விழுகிறது. ஒரு பகுதியை மூடிய தொட்டியில் தேக்கி, எஞ்சியதைக் கிணற்றின் வழியே நிலத்தினுள் இறக்கினால், கடலோரத்து உவர்நீர் ஊர்ந்து வாராமலுந் தடுக்கும். மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழக அரசு 2003ஆம் ஆண்டிற் கட்டாயமாக்கியது. ஆயினும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடங்களோடு தெருவில் நின்றோம். சட்டம் குழாய் பதிக்கும், குழாயைத் தூர்வாருதல் நம் கடன்.

நீர் மிகும் காலமும் உண்டு. 2015 திசம்பர் முதல் நாட்களில் அடையாறு கரைபுரண்டு, கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடுகள் மூழ்கியபோது, பல பள்ளிகளே புகலிடமாயின. ஆதலின் பள்ளியின் தரைமட்டம் வெள்ளக்குறிக்கு மேலே உயர்ந்திருத்தல் வேண்டும். மின்பெட்டியும் நீரேற்றும் கருவியும் அதனினும் உயரத்தில் இருத்தல் வேண்டும். கல்லின்மேற் கட்டினவனையும் மணலின்மேற் கட்டினவனையும் பற்றிய உவமையை ஞாயிறு தோறும் கேட்டு வளர்ந்தோம். அடையாற்றங்கரையில் அஃது உவமையாக மட்டும் நில்லாது கண்கூடாயிற்று.

7. மரம்

இறுதியாக மரம். மேற்குப்புறத்தில் வேம்பும் புங்கும், கடற்காற்றின் உப்பைத் தாங்கும் புன்னையும் நடுதல் நன்று. புன்னை மயிலைக்கு உரிய தலமரமுமாகும். 2016 திசம்பர் 12ஆம் நாள் வார்தாப் புயலில், விரைந்து வளர்ந்து ஆழ வேரூன்றாத மரங்கள் பல வீழ்ந்தன. அடையாற்றுப் பேராலமரத்தின் தாய்மரமோ 1989ஆம் ஆண்டிலே சாய்ந்தது. ஆயினும் விழுதுகள் ஊன்றி நிற்கின்றன. நட்டவுடன் நிழல் வேண்டுவோர் பூக்கும் அயல்மரத்தை நாடுவர். பேரப்பிள்ளைகளுக்கும் நிழல் வேண்டுவோர் வேம்பை நாடுவர். பள்ளி, பேரப்பிள்ளைகளுக்காகக் கட்டப்படுவது.

முடிவுரை

இவ்விதழைப் படிப்போருள் பழைய மாணவர் பலர் இன்று தலைமையாசிரியராகவும், பள்ளிக் குழு உறுப்பினராகவும், பொறியாளராகவும் விளங்குகின்றனர். அவர்கள்பால் எமக்கொரு வேண்டுகோள் உண்டு. அடுத்தமுறை ஒரு பள்ளிக்கட்டிட வரைபடம் தங்கள் கையெழுத்துக்கு வரும்போது, மூன்று வினாக்களைக் கேளுங்கள். பிற்பகல் மூன்று மணி வெயில் எந்தச் சுவரில் விழும்? காற்று எவ்வழி புகுந்து எவ்வழி போகும்? மேல்மாடிக் குழந்தையின் தலைக்கும் சூரியனுக்கும் இடையே என்ன வைத்திருக்கிறீர்கள்? இம்மூன்றுக்கும் விடையில்லாத வரைபடத்தை, முகப்பு எத்துணை அழகாயினும், திருப்பி அனுப்புங்கள்.

பண்டைக் காலத்துச் சிற்பியர் ஓர் அரசனுக்காக நண்பகலில் நின்று நிழல் பார்த்தனர். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் நமக்கு அரசரே. அவர்களுக்காக ஒரு நண்பகல், மொட்டைமாடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நாமும் சற்று நின்று பார்ப்போமாக.